நாயகன், மௌன ராகம், தளபதி: பின்னணி இசையை எப்படி ஒப்பிடுவது?

மன்னார்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இளையராஜாவும் மணிரத்னமும் சேர்ந்து செய்த படங்களில், ஆர்கெஸ்ட்ரா பின்னணி இசை என்று பார்த்தால் எது உயர்ந்தது? தளபதி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மௌன ராகத்தையும் நாயகனையும் அதனோடு எப்படி ஒப்பிடுவது? பொன்னியின் செல்வன் எங்கே நிற்கும்? எங்கள் குழுவில் நான்கு வயலின், ஒரு புல்லாங்குழல், இரண்டு கீபோர்டு, கிதார், தபேலா, டிரம்ஸ் உண்டு. கல்லூரி விழாவில் அரை மணி நேரம் இந்தப் பின்னணி இசையை மட்டும் வாசிக்க முடியுமா?"

தளபதிதான், தம்பி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை நான் ஏற்பதில்லை. 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' பாடலின் பிரம்மாண்டத்தைக் காட்டி, அத்தனை வயலின், அத்தனை பித்தளைக் கருவிகள், பம்பாயில் பதிவு என்று அடுக்குவார்கள். அவையெல்லாம் உண்மை. ஆனால் கருவிகளின் எண்ணிக்கையை வைத்துப் பின்னணி இசையை அளந்தால் மௌன ராகம் தோற்றுவிடும். அது தோற்கக்கூடிய இசை இல்லை. நான் வேறு ஒரு கேள்வியை வைத்து இவற்றை அளக்கிறேன்: திரையில் நிற்பவருக்குத் தெரியாத எதை இந்த இசை அறிந்து வைத்திருக்கிறது? திருவையாற்றில் வயலின் சொல்லிக்கொடுக்கும்போது, பிள்ளைகள் சினிமா இசையைப் பற்றிக் கேட்டால் அவர்களிடமும் இதைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

இருவரும் சேர்ந்தது பத்துப் படங்கள். 1983இல் கன்னடத்தில் பல்லவி அனு பல்லவி, 1984இல் மலையாளத்தில் உணரு, 1985இல் பகல் நிலவும் இதயக் கோயிலும், 1986இல் மௌன ராகம், 1987இல் நாயகன், 1988இல் அக்னி நட்சத்திரம், 1989இல் தெலுங்கில் கீதாஞ்சலி, 1990இல் அஞ்சலி, 1991 தீபாவளிக்குத் தளபதி. அதற்கு அடுத்த ஆண்டு ரோஜா வந்தது, ஏ.ஆர்.ரஹ்மான் வந்தார். ஒன்பது ஆண்டுகளுக்குள் ஒரு இயக்குநரும் ஓர் இசையமைப்பாளரும் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றும் வியப்பு.

இந்தப் பத்தில் சிலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். அக்னி நட்சத்திரம் முழுக்க முழுக்க மின்னணு ஓசையின் படம். டிரம் மெஷினும் சிந்தசைசரும் அதன் உயிர். அதில் 'நின்னுக்கோரி வரணம்' வருகிறது. வயலினோ வாய்ப்பாட்டோ கற்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடமாகும் மோகன வர்ணத்தின் தொடக்கச் சொற்களை எடுத்துக்கொண்டு, அதே மோகனத்தில் கட்டிய புதிய பாட்டு. மகிழ்ந்து கேட்கலாம், ஆனால் உங்கள் கேள்விக்குள் அது வராது. கீதாஞ்சலியில் ('இதயத்தைத் திருடாதே' என்று தமிழில் வந்தது) 'ஓம் நமஹ' பாடலில் இதயத்துடிப்பையே தாளமாக்கியது பெரிய யோசனை. இசையமைப்பாளரின் 500ஆவது படமான அஞ்சலியில் குழந்தைகளின் குரல்களே ஆர்கெஸ்ட்ராவின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. மௌன ராகம், நாயகன், தளபதி என்ற மூன்று படங்களில்தான் நாம் தங்க வேண்டும்.

முதலில் மௌன ராகம். விருப்பமில்லாத திருமணம் செய்துகொண்டு டெல்லிக்கு வரும் திவ்யா பேச மறுக்கிறாள். கணவன் சந்திரகுமார் இயல்பிலேயே அதிகம் பேசாதவன். இரண்டு பேர் ஒரு வீட்டில் பேசாமல் இருப்பதைப் படமாக எடுப்பது எளிதில்லை. அந்த வீட்டுக்குள் யார் பேசுவது? நரம்பிசைதான் பேசுகிறது. பி.சி.ஸ்ரீராமின் ஒளியும் நிழலும் ஒரு பக்கம், அதற்குச் சமமாக வயலின்களும், அவற்றைவிடத் தாழ்ந்த ஸ்தாயியில் பேசும் செல்லோவும் மறுபக்கம். திவ்யாவின் பழைய காதலனாகக் கார்த்திக் வரும் நினைவுப் பகுதியில் இசை துள்ளிக் குதிக்கிறது. டெல்லி வீட்டுக்குத் திரும்பும்போது அந்தத் துள்ளல் அறுந்துபோகிறது. ஒரு வசனமும் இல்லாமல் திவ்யா இழந்தது என்ன என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

அந்த எழுத்தின் நுட்பத்தைப் பாடல்களிலேயே கேட்கலாம். 'மன்றம் வந்த தென்றலுக்கு' பாட்டில் பாடகரின் மெட்டை மறந்துவிட்டு பேஸ் கிதாரை மட்டும் ஒருமுறை பின்தொடருங்கள். அது தனக்கென ஒரு மெட்டோடு நடக்கிறது. பாட்டுக்கு அடிமையாக ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. மேலே வயலின்கள் வேறு ஒரு வழியில் போகின்றன. மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று மிதிக்காமல். மேற்கத்திய சங்கீதத்தில் இதைக் கவுன்டர்பாயிண்ட் என்பார்கள், ஜெர்மானிய இசைமேதை பாக் அதன் பேராசான். கர்நாடக சங்கீதத்தில் நாம் எல்லோரும் ஒரே மெட்டின் மேல் ஏறி நிற்பவர்கள். பாடுபவர் போகும் வழியில்தான் வயலினும் போகும். அதனால் இந்தப் பக்கத்துக் காதுகளுக்கு இந்த மூன்று வழிப் பயணம் முதலில் பிடிபடாது. பிடிபட்ட பின் விடாது.

மௌன ராகம் வந்த அதே 1986இல்தான் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' ஆல்பமும் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட ஆல்பம் அது, வி.எஸ்.நரசிம்மனின் வயலினோடு. தியாகராஜரின் சமாதி எங்கள் ஊர்க் காவிரிக் கரையில் இருக்கிறது. தை மாத ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும்போது எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள். அந்தப் பெருங்குரலுக்கு ஓர் அழகு உண்டு. அதே கீர்த்தனை மரபை உள்வாங்கிய ஒருவர், அதனுடன் பாக்கின் பல வழி நடையையும் சேர்த்துக்கொண்டு, ஒரு சாதாரணக் குடும்பப் படத்தின் மௌனத்துக்கு இசை எழுதியிருக்கிறார். அந்த ஆல்பத்தையும் மௌன ராகத்தின் பின்னணி இசையையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டும் ஒரே மனநிலையில் பிறந்தவை என்று தோன்றும். இது என் கணிப்புதான், ஆனால் உறுதியான கணிப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஆர்கெஸ்ட்ரா என்றாலே சென்னையும் பம்பாயும் லண்டனும்தான் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேற்கத்திய பாண்டு வாத்தியக் குழு வைத்திருந்தார். அவர் சேர்த்த மேற்கத்திய இசைக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருந்தன. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவையே நோட்டுசுர சாகித்தியங்கள். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய், சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாக வாங்கினார். 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் வாழ்ந்தவர், மேற்கத்திய இசையும் அறிந்தவர். ஆகவே நீங்கள் மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு செல்லோவைப் பற்றிக் கேட்பது, யாரோ ஒருவருடைய சொத்தைப் பற்றிக் கேட்பது ஆகாது.

இனி நாயகன். இதன் முறையே வேறு. ஆர்கெஸ்ட்ரா பெரிதாக வந்து நிற்கும் இடங்கள் குறைவு. படம் முழுவதையும் 'தென்பாண்டிச் சீமையிலே' என்ற ஒரே தாலாட்டு மெட்டு சுமக்கிறது. இளையராஜாவின் குரலிலும் கமல்ஹாசனின் குரலிலும் வருகிறது, குரலே இல்லாமல் கருவிகளில் வருகிறது. தூத்துக்குடியில் தகப்பனை இழந்து ஓடிவந்த சிறுவன், பம்பாயில் வேலு நாயக்கராகி, மனைவியை இழந்து, மகனை இழந்து, கடைசியில் தானும் சுடப்பட்டு விழுகிறான். ஒவ்வோர் இழப்பிலும் அந்த மெட்டு வருகிறது. மெட்டு மாறுவதில்லை. அதைத் தாங்கும் கருவிகள் மாறுகின்றன, நடை தளர்கிறது. நாயகனோடு சேர்ந்து மெட்டுக்கும் வயதாகிறது.

ஊர் முழுக்கக் கும்பிடும் ஒரு மனிதனுக்கு வீர முழக்கம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. யாரோ அடித்துவிட்ட குழந்தையைத் தேற்றும் பாட்டையே இளையராஜா அவனுக்குக் கொடுத்தார். அவன் எவ்வளவு உயரம் போனாலும், கடற்கரையில் அழுத சிறுவனாகவே இசை அவனைப் பார்க்கிறது. படத்தில் வேறு யாருக்கும் அந்தச் சிறுவனைத் தெரியாது. பேரன் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற கேள்விக்கு, நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு, நாயக்கரிடம் பதில் இல்லை. இசை பதில் சொல்ல முயல்வதும் இல்லை, சிறுவனை மட்டும் நினைவூட்டுகிறது. கட்டுப்பாடு என்று பார்த்தால் மூன்றிலும் இதுவே முதல். ஆர்கெஸ்ட்ரா எழுத்து என்று பார்த்தால் மூன்றிலும் இது மெலிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

தளபதிக்கு வருவோம். கர்ணன் கதை. பதின்ம வயதுப் பெண் ஒருத்தி பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். கறுப்பு வெள்ளையில் வரும் அந்தத் தொடக்கத்திலேயே பார்வையாளருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதன் பின் நெடுநேரம், தாயும் மகனும் ஒரே ஊரில், ஒருவரையொருவர் அறியாமல் நடமாடுகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய வேலை இசைக்கு.

அதற்காகக் கிடைத்ததுதான் ஜானகி பாடும் 'சின்னத்தாயவள் தந்த ராசாவே'. பாட்டாக வருவதைவிட அது பின்னணியில் வரும் விதம்தான் என்னை அசைக்கிறது. மகன் சூர்யாவின் முகத்தில் தாயைப் பற்றிய ஏக்கம் படர்ந்தால் அந்த மெட்டு. தாய் கல்யாணி தான் விட்டுவந்த பிள்ளையை நினைத்தால் அதே மெட்டு. இருவருக்கும் வேறு வேறு மெட்டு கொடுத்திருந்தால், கடைசியில் சேரும்போது இரண்டையும் இணைத்து ஒரு வித்தை காட்டியிருக்கலாம். இளையராஜா தொடக்கத்திலிருந்தே இருவருக்கும் ஒன்றையே கொடுத்துவிட்டார். அவர்கள் பிரிந்திருக்கிறார்கள் என்பதை இசை ஒப்புக்கொள்ளவே இல்லை. கோயில் காட்சியை நினைத்துப் பாருங்கள். ரயில் கூவும் ஓசை கேட்கிறது. சூர்யா நிமிர்கிறான், கல்யாணியும் நிமிர்கிறாள். இருவரும் தனித்தனியாக ஒரே நினைவில் இருக்கிறார்கள். அங்கே ரயிலின் ஒலியும் இசையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. நான் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தமிழ்ப் படங்களில் அரிது. மகனுக்குத் தெரியாது, தாய்க்குத் தெரியாது, புல்லாங்குழலுக்குத் தெரியும்.

'சுந்தரி' பாட்டையும் இந்த வெளிச்சத்தில் கேட்க வேண்டும். கல்யாணி ராகம். பல்லவியும் சரணமும் காதலர்களின் தனிமை, இடையிசையில் போர். பித்தளைக் கருவிகளும் நரம்பிசைப் படையும் பொங்கி வந்து, திடீரென்று விலகி, ஒற்றைக் குரலுக்கு வழிவிடுகின்றன. போருக்குப் போகிறவனையும் காத்திருப்பவளையும் ஒரே பாட்டுக்குள் வைத்திருக்கிறார். படத்தின் கதையும் அதுதானே? சண்டைக்குப் போகும் தளபதி, அவனை இழந்துபோகும் காதலி சுப்புலட்சுமி. பெரிய ஆர்கெஸ்ட்ரா இங்கே தேவையால் வந்திருக்கிறது. 'யமுனை ஆற்றிலே' இதற்கு நேர் எதிர். கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையின் சின்னஞ்சிறு பாட்டு. காதல் முறியும் இடத்தில் அதன் மெட்டு திரும்ப வரும்போது, அது எத்தனை பெரிய பாட்டு என்று தெரிகிறது.

'ராக்கம்மா கையத் தட்டு' பற்றி ஒரு சொல். 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகப் பாடல்களில் நான்காவதாக வந்த பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். வயலின்கள் சேர்ந்து பாய்ந்துவரும் அந்தத் தொடக்கம், எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் இன்றும் கூட்டத்தை எழுப்பிவிடும். ஆனால் அந்தக் குத்தாட்டத்தின் நடுவே எல்லாம் அடங்கி, பெண்கள் கூடி 'குனித்த புருவமும்' பாடுகிறார்களே, அது அப்பர் தில்லை நடராசர் மேல் பாடிய தேவாரம். கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். நான்காம் திருமுறைப் பாட்டு ஒன்று ஆட்டக்காரர்களின் கூட்டத்தை நிறுத்திவைக்கிறது, பிறகு ஆட்டம் மறுபடி தொடங்குகிறது. இந்த இரண்டு உலகங்களும் ஒரே தெருவில் இருப்பவை என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தேரடியில் ஒரு பக்கம் ஓதுவார், மறுபக்கம் கரகாட்டம், இரண்டையும் ஒரே இரவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

பொன்னியின் செல்வனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2022, 2023 ஆண்டுகளில் வந்த இரண்டு பாகங்கள். முதல் பாகத்தின் பின்னணி இசைக்காக ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்தது. நம் ஊர்க் கதை, நம் ஆற்றின் பெயரையே தலைப்பில் தாங்கிய கதை. கல்கி பிறந்த புத்தமங்கலமும் மயிலாடுதுறைக்கு அருகில்தான் இருக்கிறது. அதனால் நமக்கு ஒரு சொந்தம் வந்துவிடுகிறது, அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இங்கே வேலை செய்யும் முறையே வேறு. இளையராஜா படச்சுருளைப் பார்த்து, ஒவ்வொரு கருவிக்கும் மேற்கத்திய இசைக் குறிப்பில் எழுதி, கலைஞர்கள் கூடி வாசிக்கப் பதிவு செய்தவர். அவர் இசையில் வரிகள் தெரியும், ஒவ்வொரு வயலினும் எங்கே போகிறது என்று விரலால் தொடலாம். ரஹ்மான் ஓசைகளை அடுக்கடுக்காகச் சேர்ப்பவர். குரல், தாளக் கருவி, நரம்பிசை, இனம் காண முடியாத ஒலிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சூழலை உண்டாக்குகின்றன. போர்க்களத்திலும் அரண்மனையிலும் அது அபாரமாகப் பொருந்துகிறது. ஆனால் என் அளவுகோல் மாறவில்லை. முதல் பாகத்தில் வந்தியத்தேவனும் குந்தவையும் சந்திக்கும்போது பின்னணியில் ஒரு மெட்டு வந்துபோனது. அவர்களுக்கே இன்னும் புரியாத காதல், இசைக்கு முன்பே தெரிந்திருந்தது. இரண்டாம் பாகத்தில் அதுவே 'அக நக' என்ற முழுப் பாட்டாக மலர்ந்தது. அந்த ஒரு இடத்தில் பொன்னியின் செல்வன் தளபதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. படம் முழுவதும் அப்படி நிற்கிறதா என்றால், என் காதுக்கு இல்லை. கதாபாத்திரங்கள் அதிகம், மெட்டுகளும் அதிகம், எதுவும் வேர்விட நேரம் கிடைக்கவில்லை. 1995இல் பம்பாய் படத்துக்கு அதே கூட்டணி தந்த தீம் இசை, ஒரே ஒரு மெட்டை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் துயரத்தைச் சொன்னது. ரஹ்மான், மணிரத்னம் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத்தான் எடுப்பேன்.

இனி உங்கள் விழா. அரை மணி நேரம் தாராளமாகச் செய்யலாம். உங்களிடம் உள்ள கருவிகளுக்கு மௌன ராகம்தான் பொருத்தம், அதை முதலில் வையுங்கள். நான்கு வயலினையும் ஒரே மெட்டில் வாசிக்க விடாதீர்கள். இருவர் மேல் மெட்டு, ஒருவர் நடு மெட்டு, ஒருவர் கீழ் ஸ்தாயியில் வயோலாவின் பகுதி. செல்லோ கீபோர்டில் வரட்டும், ஆனால் பேஸ் பகுதியைக் கிதார் கலைஞரிடம் கொடுங்கள், கீபோர்டில் அதன் நடை செத்துவிடும். நாயகனுக்குப் புல்லாங்குழலும் ஒரே ஒரு வயலினும் போதும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அதற்கு அவர்களைப் பழக்குவதுதான் கடினம்.

தளபதியில் 'சுந்தரி' இடையிசையைக் கீபோர்டின் பித்தளை ஓசையில் வாசிக்க ஆசை வரும். வேண்டாம், மெலிந்துபோகும். அதற்குப் பதில் 'சின்னத்தாயவள்' மெட்டை எடுத்துக்கொண்டு புல்லாங்குழலில் தொடங்கி, வயலின்களுக்குக் கொடுத்து, கடைசிச் சுற்றில் ஒரு நாகஸ்வரக் கலைஞரைச் சேர்த்துப் பாருங்கள். நம் பக்கத்தில் நாகஸ்வரக் கலைஞருக்குப் பஞ்சமில்லை. இதில் ஒரே சிக்கல் சுருதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய, நரசிங்கன்பேட்டையில் செய்யப்படும் நீண்ட பாரி நாகஸ்வரம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைச் சுருதியில் பேசும். பழைய, குட்டையான திமிரி நாயனம் என்றால் நான்கு கட்டைக்கு மேல் போய்விடும், உங்கள் வயலின்கள் திணறும். அதனால் பாரி வைத்திருப்பவராகப் பார்த்து அழையுங்கள். ஒத்திகைக்கு முன்பே அவருடைய சுருதியைக் கேட்டு, முழு நிகழ்ச்சியையும் அந்தக் கட்டைக்கு மாற்றி எழுதிவிடுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டினால் போதும், வயலின்காரர்களுக்குத்தான் புதிதாக எழுதித் தர வேண்டும். நாகஸ்வரத்துக்கு மைக் வேண்டாம், மேடையின் பின்வரிசையில் நிறுத்துங்கள்.